கறுப்பு பைக் சீட்டும் கத்திரி வெயிலும்

மே மாதம் வந்தால் செய்தியில் நுங்கம்பாக்கத்தில் இவ்வளவு, மீனம்பாக்கத்தில் இவ்வளவு என்று இரண்டு எண்களைச் சொல்லிவிட்டு, "சென்னையில் வெயில் சதமடித்தது" என்று முடிப்பார்கள். சதம் என்றால் 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37.8 டிகிரி செல்சியஸ். எண் சரியானதுதான். ஆனால் அது காற்றின் வெப்பம். வெள்ளையடித்த ஒரு பெட்டி, நான்கு பக்கமும் சாய்வுப் பட்டைகள், உள்ளே வெயில் துளியும் படாமல் காற்று மட்டும் போய்வரும்படி ஏறக்குறைய மார்பளவு உயரத்தில் ஒரு வெப்பமானி. அது காட்டுவதைத்தான் நமக்குச் சொல்கிறார்கள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி இருக்கிறதே, அதுவும் இந்த நிழல் கணக்குதான்.

வெயிலில் நிறுத்திய பைக்குக்கு அந்த எண்ணால் பிரயோஜனம் அதிகமில்லை. காற்று 38-இல் இருக்கும் சாதாரண மே மதியத்தில், காற்றோட்டம் குறைந்த ஓரிடத்தில் ஒரு மணி நேரம் நின்ற கறுப்பு ரெக்ஸின் சீட் 65-இலிருந்து 75 வரை போய்விடும். வீட்டுக்கு வெளியே நாம் தினமும் தொடுகிற பொருள்களிலேயே இதுதான் அதிகம் சுடுகிறது என்று நினைக்கிறேன். அதன்மேல் உட்காரவும் செய்கிறோம்.

இந்த 30 டிகிரி எங்கிருந்து வருகிறது? மேகமில்லாத நடுப்பகலில், சூரியனுக்கு நேராக இருக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1000 வாட் அளவுக்கு வெயில் விழுகிறது. நல்ல கறுப்பு அதில் 90 சதவீதத்துக்கு மேல் உள்வாங்கிக்கொள்ளும். உள்ளே வந்த சூடு மூன்று வழியில் வெளியேறலாம். காற்று கொண்டுபோகலாம், கதிராக வானத்துக்குப் போகலாம், இல்லையென்றால் அடியில் இருக்கும் பொருளுக்குள் இறங்கலாம். சீட்டுக்கு அடியில் இருப்பது ஸ்பாஞ்ச். சூடு இறங்குவதற்கு அதைவிட மோசமான வழி கிடைக்காது. ஆக மூன்றாவது வழி அடைப்பு. மிச்சமிருக்கும் இரண்டு வழிகளிலும் உள்ளே வரும் அளவுக்கு வெளியே போகிறவரை சீட்டின் தோல் சூடாகிக்கொண்டே இருக்கும். அந்தச் சமநிலை எட்டும் இடம்தான் 70.

இதில் சென்னைக்கென்று ஒரு விசேஷம் உண்டு. நாம் இருப்பது 13 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் 24, 25 வாக்கில் ஒரு தடவையும், ஆகஸ்ட் 18 வாக்கில் மறு தடவையும் நடுப்பகல் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே வரும். இடைப்பட்ட நாட்களில் அது உச்சியைத் தாண்டி வடக்குப் பக்கம் போய்விடுகிறது. கத்திரி என்று நாம் பயப்படும் மே 4 முதல் 28 வரையிலான நாட்கள் முழுக்க இதற்குள் அடக்கம். எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும் சூரியனுக்குப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் குழப்பும்.

குழப்பத்தை எங்கள் ஆபீஸில் நேராகவே பார்க்கலாம். கிண்டியில் மூன்று மாடிக் கட்டடம். அதன் வடக்குச் சுவரை ஒட்டி வண்டிகளை நிறுத்துவது எல்லோருக்கும் வழக்கம், டிசம்பரில் அங்கே அருமையான நிழல். 10 மீட்டர் உயரக் கட்டடம் டிசம்பர் கடைசியில் மதியம் 12 மணிக்கு வடக்குப் பக்கம் 7 மீட்டருக்கு மேல் நிழல் போடும். மே 20 வாக்கில் அதே கட்டடத்தின் மதிய நிழல் தெற்குப் பக்கம் விழுகிறது, அகலம் ஒரு மீட்டரும் கொஞ்சமும்தான். வண்டியைச் சுவரோடு ஒட்டி நீளவாக்கில் நிறுத்தினால் அதற்குள் அடங்கும். வடக்குச் சுவரை நம்பி நிற்கும் வண்டிகளெல்லாம் முழு வெயிலில். வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். "தெற்குப் பக்கம் கார் சார்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சூரியன் உச்சியில் இருப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. படுக்கைவாட்டில் இருக்கும் பரப்புகள்தான் முழு அடியையும் வாங்குகின்றன, அதாவது சீட்டும் டேங்கின் முதுகும். பக்கவாட்டு பேனல்கள் மதியத்தில் அவ்வளவு சுடாது. நாலு மணிக்குப் போய்த் தொட்டால் கதை மாறியிருக்கும், மேற்கே பார்த்த பக்கம் சுடும், சீட் கொஞ்சம் இறங்கியிருக்கும். நடுவில் கடல் காற்று வந்துவிட்டால் எல்லாமே சில டிகிரி தணியும். அது பதினொன்று, பன்னிரண்டுக்குள் வந்துவிடும் நாட்களில் ஊரே பிழைத்தது. மேற்குக் காற்று வலுத்து அதைக் கடலுக்குள்ளேயே பிடித்து வைத்துவிடும் நாட்களில்தான் செய்தியில் பெரிய எண்கள் வருகின்றன.

எங்கள் தெருவில் ஏசி சர்வீஸ் செய்யும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவரிடம் துப்பாக்கி மாதிரி ஒரு இன்ஃப்ராரெட் வெப்பமானி உண்டு, குழாய் சூடு பார்ப்பதற்கு. கொரோனா காலத்தில் வாங்கி வீட்டில் சும்மா கிடக்கும் நெற்றி வெப்பமானி இதற்கு ஆகுமா என்று அவரிடம் கேட்டேன். "அது மனுஷனுக்குண்ணா. 43-க்கு மேல போனா 'ஹை'னு காட்டிட்டு நின்னுடும். இதை எடுத்துக்கோங்க" என்று தன்னுடையதைக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், பெரம்பூரில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில், இரண்டு பேரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்ற வண்டிகளைச் சுடத் தொடங்கினோம்.

கறுப்பு சீட்டுகள் எல்லாம் எழுபதை ஒட்டியே நின்றன. ஒரு ஸ்கூட்டரின் பழுப்பு சீட் ஆறேழு டிகிரி கம்மி. கறுப்பு டேங்க் அறுபதைத் தாண்டியிருந்தது, வெள்ளை டேங்க் ஐம்பதைக்கூடத் தொடவில்லை. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் பெட்ரோல் டேங்க் மூடியில் காத்திருந்தது. பளபளவென்று குரோம் பூசிய மூடி. வெப்பமானி 44 என்றது.

"பரவாயில்லையே, இது கூலா இருக்கே" என்றேன்.

"கையை வெச்சுப் பாருங்க."

வைத்த கையை அதே வேகத்தில் எடுத்தேன். தம்பி சிரித்துக்கொண்டே பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, விரல்நகம் அளவுக்குக் கிழித்து மூடியின்மேல் ஒட்டினார். ஒரு நிமிடம் விட்டு அந்தத் துண்டைக் குறிவைத்துச் சுட்டார். இப்போது 60-க்குப் பக்கத்தில் காட்டியது. "பளபளன்னு இருக்கிற எதையும் இது நம்பாதுண்ணா. காப்பர் பைப்புக்கும் நாங்க இப்படித்தான் டேப் ஒட்டிப் பார்ப்போம்."

இந்த வகை வெப்பமானி, பொருள் வெளியே விடும் அகச்சிவப்புக் கதிரைப் படித்துத்தான் சூட்டைச் சொல்கிறது. ரெக்ஸின், பெயின்ட், தார், நம் தோல் எல்லாம் அந்தக் கதிரைத் தாராளமாக வெளியே விடும். பளபளப்பான உலோகம் மகா கஞ்சன். தன் சூட்டை வெளியே காட்டாமல், எதிரில் இருக்கும் வானத்தின் கதிரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். 44 என்று வந்த எண்ணில் பெரும்பங்கு வானத்தைப் பற்றியது. வலைத்தளங்களில் வண்டியின் சூட்டை அளந்து போடும் படங்களைப் பார்த்தால், அளந்த இடம் குரோமா பெயின்ட்டா என்று முதலில் பாருங்கள்.

அந்தக் கஞ்சத்தனமே குரோமைச் சூடாக வைத்திருக்கிறது. வெயிலில் பாதிக்கும் குறைவாகத்தான் அது வாங்குகிறது. ஆனால் வாங்கியதைக் கதிராகத் திருப்பி விடும் திறன் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கே. வெள்ளைப் பெயின்ட் வாங்குவது இன்னும் கம்மி, நாலில் ஒரு பங்கு போல. விடுவதோ பத்தில் ஒன்பது. அதனால் கண்ணுக்குக் கண்ணாடி போல ஜொலிக்கும் குரோமைவிட மங்கலான வெள்ளைப் பெயின்ட் குளிர்ச்சியாக இருக்கும். ஜொலிப்பது எல்லாம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்று ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் போல நிறையப் பேர் இருப்பார்கள்.

சீட் 70, மூடி 60. ஆனால் விரலைச் சுட்டது மூடிதான். இரண்டு பொருள்கள் தொடும்போது, தொடும் இடத்தின் வெப்பத்தை முடிவு செய்வது எது சூடாக இருக்கிறது என்பது மட்டுமல்ல, எது சூட்டை வேகமாகக் கொண்டுவந்து தரும் என்பதும்தான். 60 டிகிரி இரும்பில் விரலை வைத்தால், விரல் தொட்ட புள்ளியிலிருந்து எவ்வளவு சூடு போனாலும் பின்னாலிருந்து உடனே வந்து நிரப்பிவிடும், தோல் கிட்டத்தட்ட 58-ஐப் பார்க்கும். 70 டிகிரி ரெக்ஸினில் வைத்தால் மேல்தோலில் இருப்பது வந்த பிறகு அடுத்தது மெதுவாகத்தான் வரும். கணக்குப் போட்டால் தொட்ட இடம் 45-ஐ ஒட்டி நிற்கிறது. மனிதத் தோலுக்கு வலி தொடங்குவது 43, 44-இல். எனவே சீட் நம்மைக் கத்த வைக்கும், ஆனால் பேன்ட் போட்ட ஆளைப் பொசுக்கிவிடாது. மூடி அப்படியல்ல. 60 டிகிரி உலோகத்தில் ஐந்து விநாடி போலக் கை இருந்தால் கொப்புளம் வரும். குழந்தைகளுக்குத் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் வரும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும். நம் ஊரில் அப்பாவுக்கு முன்னால் டேங்கின்மேல் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போவது சாதாரணம். கோடை லீவில் குழந்தை போட்டிருப்பது அரை டிராயர். வெறும் தொடை, கறுப்பு டேங்க், இரும்பு. பெரியவருக்குக் கீழே பேன்ட்டும் ரெக்ஸினும் இருக்கின்றன, குழந்தைக்கு ஒன்றுமில்லை. குழந்தை நெளிந்தால் "சும்மா உக்காரு" என்று ஒரு அதட்டு. ஒரு துண்டை நாலாக மடித்து டேங்கின்மேல் போட அரை நிமிடம் ஆகாது. டேங்கில் உட்கார வைப்பதே தப்பு என்பது வேறு விஷயம், அதையும் சொல்லி வைக்கிறேன்.

கோடை தவறாமல் வரும் இன்னொரு காட்சி, டேங்கின்மேல் முட்டை உடைத்து ஊற்றி வீடியோ எடுப்பது. சீட்டைத் தொட்டவர்கள் "தோசைக்கல்லு மாதிரி" என்பார்கள். தோசைக்கல் 180, 200 டிகிரியில் இருக்கும் சமாச்சாரம், சீட் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். முட்டையின் வெள்ளை 62, 63-இல் இறுகத் தொடங்கும். கறுப்பு டேங்க் அந்த எல்லையைத் தொட்டாலும் அதன் தகடு ரொம்ப மெல்லியது, முட்டையை ஊற்றியதும் தகட்டின் சூடு முட்டைக்குப் போய்த் தீர்ந்துவிடும். உள்ளே பெட்ரோல் நிறைய இருந்தால் இன்னும் மோசம். வீடியோவில் ஆம்லெட் வந்தால் அதற்கு முன்னால் கேமராவுக்கு வெளியே ஏதோ நடந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அதே பெட்ரோலை வைத்து வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றும். "வெயில் காலத்தில் டேங்க்கை ஃபுல் பண்ணாதீர்கள், வெடித்துவிடும், பாதிதான் போட வேண்டும், தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து கேஸை வெளியே விட வேண்டும்." கீழே இந்தியன் ஆயில் எச்சரிக்கை என்று வேறு போட்டிருப்பார்கள். அப்படி எதுவும் சொல்லவில்லை என்றும், வண்டிக் கம்பெனி குறித்த அளவு வரை கோடையிலும் நிரப்பலாம் என்றும் இந்தியன் ஆயிலே விளக்கம் கொடுத்தாகிவிட்டது. பொறி எதுவும் படாமல் பெட்ரோல் தானாகத் தீப்பிடிக்க 250 டிகிரிக்கு மேல் வேண்டும், வெயிலால் ஆகிற காரியமில்லை. உண்மையில் நடப்பது விரிவடைதல்தான். பெட்ரோல் 10 டிகிரிக்கு ஏறக்குறைய 1 சதவீதம் விரியும். பெட்ரோல் பங்க்கில் பூமிக்கு அடியிலிருந்து 30 டிகிரியில் வந்த 10 லிட்டர், வெயிலில் நின்று 50 டிகிரி ஆனால் கிட்டத்தட்ட 200 மில்லி கூடிவிடும். மூடியின் விளிம்பு வரை ததும்ப நிரப்பியிருந்தால் அந்த 200 மில்லி வெளியேதான் வர வேண்டும். 2020-இல் வந்த பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கக் கரி நிரப்பிய ஒரு டப்பா இருக்கிறது, ததும்பும் பெட்ரோல் அதற்குள் போனால் டப்பா கெடும். பங்க்கில் "இன்னும் கொஞ்சம் ரவுண்டு பண்ணுப்பா" என்று நூறு ரூபாய்க்கு நிறைவு செய்கிறவர்கள் கத்திரியில் அதை விட்டுவிடலாம். மூடியை தினமும் திறந்து மூடுவது வீண் வேலை, ஆவியை நாமே மூக்குக்கு நேரே விட்டுக்கொள்வதும்கூட.

டயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலை 30 டிகிரியில் 28 பிஎஸ்ஐ காற்றழுத்தம் இருந்த டயர், மதியம் தார் ரோட்டில் நின்று 60-க்குப் போனால் 32-ஐக் காட்டும். காற்று கூடவில்லை, சூடுதான் கூடியிருக்கிறது. பங்க்கில் அதைப் பார்த்துவிட்டு இறக்கினால் மறுநாள் காலையில் டயர் சப்பையாக இருக்கும். காலையில், வண்டி எடுத்த கையோடு பாருங்கள்.

தார் ரோடு என்றதும் சைடு ஸ்டாண்டு. ரோட்டுக்குப் போடும் தாருக்கு ஐஎஸ் 73 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அதில் விஜி-30 என்ற ரகம் 47 டிகிரிக்குக் கீழே இளகக் கூடாது என்பதுதான் நிபந்தனை. மே மதியத்தில் தார் ரோட்டின் மேல்பரப்பு 60-க்கும் மேலே போகும். ஜல்லி ஒன்றை ஒன்று பிடித்திருப்பதால் ரோடு ஓடிவிடாமல் நிற்கிறது. ஆனால் ஓரத்தில் தார் தேங்கிய இடத்தில், கட்டைவிரல் அகல ஸ்டாண்டு நுனி வண்டியின் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டு நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். வெளியே வந்து பார்த்தால் வண்டி சாய்ந்து பக்கத்து வண்டியின்மேல் படுத்திருக்கும், அதற்கடுத்தது அதன்மேல். சென்டர் ஸ்டாண்டு போடச் சோம்பல் என்றால், தட்டையான கல் ஒன்றையோ நசுக்கிய டின் மூடியையோ ஸ்டாண்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகலாம். டெலிவரி பையன்கள் சிலர் ஒரு சின்னத் தகட்டைச் சாவிக்கொத்திலேயே கோத்து வைத்திருக்கிறார்கள்.

சரி, சுடும் சீட்டை என்ன செய்வது? பெரும்பாலோர் செய்வது, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கவிழ்ப்பது. வழி சரி, அளவு தப்பு. சீட்டின் ரெக்ஸினும் அதை ஒட்டிய ஸ்பாஞ்சும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும் சூடு உண்மையில் ரொம்பக் கம்மி. 70-இலிருந்து 40-க்கு இறக்க, இரண்டு டீஸ்பூன் தண்ணீர் ஆவியானாலே போதும் என்றுதான் கணக்கு வருகிறது. வெயில் விடாமல் காய்வதால் இன்னும் ஒரு டீஸ்பூன் சேர்த்துக்கொள்ளலாம். மிச்சத் தண்ணீர் தையல் வழியாக ஸ்பாஞ்சுக்குள் இறங்கும், பிறகு உட்கார்ந்ததும் மேலே வந்து பேன்ட்டை நனைக்கும். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, பத்து எண்ணி, உலர்ந்த துணியால் துடைத்தால் தீர்ந்தது. சென்னையின் புழுக்கத்தில் ஈரம் எங்கே காயும் என்று கேட்கலாம். நம் சட்டை காயாது, உண்மை. 70 டிகிரி பரப்பில் இருக்கும் தண்ணீருக்குப் புழுக்கம் ஒரு பொருட்டே இல்லை, நொடியில் போய்விடும். சீட் 40-ஐ ஒட்டி வந்த பிறகுதான் காய்வது மந்தமாகும், அப்போதுதான் அந்த உலர்ந்த துணி.

துடைக்காமல் வெறுமனே உட்கார்ந்தால் ஏன் அவ்வளவு நேரம் சுட்டுக்கொண்டே இருக்கிறது என்றால், நாம் உட்கார்ந்ததும் காற்று போகும் வழியையும் அடைத்துவிடுகிறோம். கீழே ஸ்பாஞ்ச், மேலே நாம். சூடு எங்கேதான் போகும்? அதனால்தான் தெரு முனை வரை ஃபுட் ரெஸ்டில் நின்றபடியே ஓட்டுகிறார்கள். பின்னால் புடவையில் ஒருபக்கமாக உட்காரும் பெண்களுக்கு அந்த வசதியும் கிடையாது. என் மனைவி கைப்பையில் ஒரு பழைய டர்க்கி டவல் வைத்திருக்கிறார், ஹோட்டல் வாசலோ கல்யாண மண்டபமோ, அதை விரிக்காமல் ஏறமாட்டார். காசில்லாத தீர்வுகளில் அதுதான் முதலிடம்.

காசு கொடுத்து வாங்கலாமே என்று ஜி.பி. ரோட்டுக்கு ஒரு தடவை போனேன். மவுன்ட் ரோட்டுக்குப் பின்னால், வண்டிச் சாமான் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் தெரு. முதல் கடையில் வெள்ளை சீட் கவர் கேட்டேன்.

"கல்யாண வண்டிக்கா சார்?"

"இல்லைங்க, வெயிலுக்கு."

கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வெள்ளை போட்டா ஒரு வாரம் சார். அப்புறம் ஜீன்ஸ் சாயம் நீலமா ஏறிடும், கிரீஸ் ஏறிடும். திரும்ப வந்து என்னைத் திட்டுவீங்க. நெட் போட்டுக்கோங்க." எடுத்துப் போட்டது கறுப்பு நெட் கவர். அதுவும் கறுப்பா என்று இழுத்தேன். "சும்மா எடுத்துட்டுப் போங்க சார், பிடிக்கலைன்னா ரிட்டன்."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தடித்த நூல் வலை, வலைக்குள் காற்று. கறுப்பாக இருந்தாலும் அந்த வலையில் சரக்கு குறைவு, பிடித்து வைக்கும் சூடும் குறைவு. அது ரெக்ஸினுக்கு நிழல் போடுகிறது, உட்கார்ந்தால் முழுப் பரப்பாக ஒட்டாமல் புள்ளி புள்ளியாகத் தொடுகிறது, ஓடும்போது அடியில் காற்றும் போகிறது. வாங்கி மாட்டினேன், கோடைக்கு வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. மழைக்காலத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அக்டோபரில் கழற்றி வைத்துவிட வேண்டும்.

சீட்டைக் கறுப்பில் செய்வதற்கு அவர் சொன்ன அழுக்குக் காரணம் மட்டுமல்ல, இன்னொரு நியாயமும் உண்டு. கறுப்புக்காகச் சேர்க்கும் கார்பன் கரி, வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து பிளாஸ்டிக்கைக் காப்பாற்றும். வெளிர் நிற ரெக்ஸின் சீக்கிரம் மொரமொரத்து வெடிக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெயிலின் சக்தியில் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியில் வருகிறது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்துகொண்டே அந்தப் பாதியைத் திருப்பி அனுப்பும் நிறமிகள் இருக்கின்றன, கூரைப் பெயின்ட்டுகளில் பல வருடங்களாகப் போடுகிறார்கள். பிஎம்டபிள்யூ தன் கன்வர்டிபிள் கார்களின் தோல் சீட்டுகளுக்கே அதைக் கொண்டுவந்தது, கூரையைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் சீட் சுடக் கூடாது என்று. எப்போதாவது கூரை திறக்கும் காருக்கு அந்தக் கவனம். பிறந்ததிலிருந்து கூரையே இல்லாத வண்டிக்கு? மாதத் தவணையில் வாங்கி தினமும் ஓட்டும் 100 சிசி வண்டிகள் எதிலும் நான் அதைப் பார்த்ததில்லை. டிஜிட்டல் மீட்டர் வந்துவிட்டது, புளூடூத் வந்துவிட்டது, சார்ஜிங் பாயின்ட் வந்துவிட்டது. வண்டி விளம்பரத்தில் சீட் வருவது குஷனைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் என்று தமிழ்நாட்டிலேயே இத்தனை வண்டித் தொழிற்சாலைகள் இருக்கும்போது, சோதனை ஓட்டம் முடிந்து மே மதியத்தில் வண்டியை வெயிலில் நிறுத்தி, சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தவர் ஒருவராவது இருந்திருப்பாரே என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்த சார்ஜிங் பாயின்ட்டைப் பற்றி ஒன்று. ஆப்பிள் தன் ஃபோன்களை 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. சென்னையில் 35 என்பது மார்ச் மாதம். ஹேண்டில் பாரில் ஹோல்டரில் மாட்டி, வெயிலில் மேப் ஓட்டிக்கொண்டே சார்ஜும் போட்டால் ஃபோன் மங்கி அணைவதில் ஆச்சரியமில்லை. நமக்கு அது எரிச்சல். ஆர்டர் கையில் வைத்திருக்கும் டெலிவரி பையனுக்கு அது கூலி.

நிழல்தான் எல்லாவற்றுக்கும் மேல். நிழலில் நின்ற சீட் காற்றைவிட இரண்டு, மூன்று டிகிரிதான் கூட இருக்கும், எந்த நிறமானாலும். ஆனால் நிழல் எங்கே இருக்கிறது? 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் ஒரே நாளில் சாய்த்த மரங்கள் ஆயிரக்கணக்கில். அதன் பிறகு 118.9 கிலோமீட்டர் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை வந்தது, அதன் பாதையில் இருந்த மரங்களும் போயின. மிஞ்சிய தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழே இடம் பிடிக்கக் காலை எட்டரைக்கே போக வேண்டும். பிடித்தாலும் சாயங்காலம் சீட்டில் காக்கா எச்சம். எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலம் சூடான பெயின்ட்டை அரிக்கும், அன்றே கழுவிவிட வேண்டும். வெயிலா எச்சமா என்றால் நான் எச்சத்தைத்தான் எடுப்பேன். பறக்கும் ரயில் ஸ்டேஷன்களில் நடைமேடைக்கு அடியிலேயே வண்டி நிறுத்த முடிகிற இடங்கள் உண்டு, அங்கே வண்டியை விட்டுவிட்டுப் போகிறவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

நின்ற வண்டி மட்டுமல்ல, ஓடும் வண்டியும் நிழலைத் தேடுகிறது. மே மாதத்தில் எந்தப் பெரிய சிக்னலிலும் பாருங்கள், கோட்டுக்கு இருபது, முப்பது அடி முன்னாலேயே பைக்குகள் கும்பலாக நிற்கும், அங்கே ஒரு மரமோ மேம்பாலத்தின் விளிம்போ மெட்ரோ தூணோ இருக்கும். தூணின் நிழலுக்குள் ஒருவர் பின் ஒருவராக ஒற்றை வரிசை. பின்னால் வரும் கார்க்காரர் ஹாரன் அடிப்பார், யாரும் நகரமாட்டார்கள். 2024 கோடையில் மாநகராட்சி சில சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டது. ஒரு நிமிட நிழல்தான். அதற்கே ஜனங்கள் வாழ்த்தினார்கள். 2025-இல் அண்ணா நகரில் டெலிவரி வேலை செய்கிறவர்களுக்காக ஏசி ஓய்வறையும் திறந்தார்கள். ஆளுக்கு ஏசி கிடைத்தது நல்லது. வெளியே வந்து ஏறும் வண்டிக்கும் மேலே ஒரு ஷீட் இருந்தால் முழு வேலையாகிவிடும்.

ஷீட் என்றதும் எங்கள் அபார்ட்மென்ட் கதைக்கு வருகிறேன். கட்டடத்துக்கு அடியில் இருக்கும் நிழலெல்லாம் கார் பார்க்கிங் என்று பத்திரத்திலேயே எழுதி விற்றாகிவிட்டது. பைக்குகள் காம்பவுண்டு சுவர் ஓரம், திறந்த வெளியில். அங்கே மேலே ஏதாவது போடலாம் என்று அசோசியேஷன் கூட்டத்தில் பேச்சு எடுத்தேன். செக்ரட்டரி சார் தகர ஷீட் என்றார். தகரம் தானே சூடாகி கீழே கொஞ்சம் கதிரடிக்கும், அப்படியும் வெறும் வெயிலுக்குத் தேவலை. ஆனால் செலவு அதிகம், மாநகராட்சி அனுமதி என்று ஒரு பேச்சு வரும். நர்சரிகளில் கட்டும் நிழல் வலை போதும் என்பது என் கட்சி. பாரிமுனையில் 50, 75, 90 சதவீதம் என்று நிழலின் அளவு சொல்லி மீட்டர் கணக்கில் விற்கிறார்கள். 75 வாங்கினால் வெயிலில் நாலில் ஒரு பங்குதான் உள்ளே வரும், சூடான காற்று வலை வழியாக மேலே போய்விடும், மழைக்கு ஒதுங்க முடியாது என்பது மட்டும்தான் குறை. இரண்டாவது மாடி அம்மாவுக்கு அந்தப் பச்சை நிறம் பிடிக்கவில்லை, கட்டடம் கட்டி முடிக்காத மாதிரி தெரியுமாம். கார் மட்டும் வைத்திருக்கும் நாலு வீட்டுக்காரர்கள் நாங்கள் எதற்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்றார்கள், அதுவும் நியாயமான கேள்விதான். கடைசியில் பைக் வைத்திருப்பவர்கள் மட்டும் போட்டுக்கொள்வது, கம்பத்துக்கு மூன்று கொட்டேஷன் வாங்குவது, நிறத்தை அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வது என்று தீர்மானம். அடுத்த கூட்டம் ஜூன் இரண்டாவது ஞாயிறு.